ஏரி வாரியமும் மின் வாரியமும்

மாதாந்திரப் பராமரிப்புக்காக நாளை காலை 9 மணி முதல் மாலை 5 மணி வரை மின்சாரம் இருக்காது என்று, தெருப் பெயர்களை அடுக்கிப் பத்திரிகையில் அறிவிப்பு வரும். காஞ்சிபுரத்துக்காரர்களுக்கு இது பழகிய சங்கதி. மாவை முந்தின நாளே ஆட்டிவிடுவார்கள், தொட்டியை ராத்திரியே நிரப்பிவிடுவார்கள். சமீப காலமாக அந்த அறிவிப்பில் ஒரு வேடிக்கையும் சேர்ந்திருக்கிறது. மாடியில் மூன்று கிலோவாட் சோலார் போட்டிருக்கிற வீட்டிலும், வெயில் உச்சியில் நிற்கும் அந்த எட்டு மணி நேரமும் ஒரு ஃபேன்கூட ஓடாது. பலகைகள் வெயிலில் காய்ந்துகொண்டிருக்கும். கீழே பெரியவர் விசிறியால் விசிறிக்கொண்டிருப்பார். "வெயிலு இந்தக் கொளுத்து கொளுத்துது, சோலாரும் மாடியிலதான் கீது, அப்புறம் கரண்ட்டு எங்கப்பா போச்சு?" என்று அவர் கேட்டால், அதைவிட நியாயமான கேள்வி இருக்க முடியாது.

அந்தக் கேள்விக்குச் சந்தை வைத்திருக்கும் பதில் ஒன்றுதான்: பேட்டரி போடுங்க சார். ஏற்கெனவே இருக்கிற சோலாரோடு ஒரு லித்தியம் பேட்டரியைச் சேர்த்துவிட்டால் கரண்ட் போனாலும் கவலையில்லை, பில்லும் பூஜ்யம், ஈ.பி.யை நம்பியே இருக்க வேண்டாம் என்கிறார்கள்.

மின்சாரத்தைச் சேமிக்க வேண்டும் என்பதில் எனக்குச் சண்டை இல்லை. வீட்டுக்கு வீடு தனித்தனியாகச் சேமிப்பதுதான் வழி என்பதில்தான் சண்டை. சேமிப்பு என்பது தெருவின் வேலை, ஊரின் வேலை, வாரியத்தின் வேலை. அதை மாடி உள்ளவன் பர்ஸில் கொண்டுபோய் வைப்பது, ஏரியைத் தூர்த்துவிட்டு ஆளுக்கொரு போர் போட்ட கதையின் அடுத்த அத்தியாயம்.

முதலில் பெரியவரின் கேள்விக்குப் பதில். நம் வீடுகளில் மானியத்தோடு பொருத்தப்படுபவை பெரும்பாலும் ஆன்கிரிட் இன்வெர்ட்டர்கள். ஈ.பி. லைனில் வரும் மின்னழுத்தத்தையும் 50 ஹெர்ட்ஸ் அலையையும் பார்த்து, அதனோடு தாளம் சேர்த்துத்தான் அவை மின்சாரத்தைத் தள்ளும். லைனில் தாளம் நின்றால் இவையும் ஓரிரு நொடிகளில் நின்றாக வேண்டும். இது கோளாறு அல்ல, வேண்டுமென்றே செய்த ஏற்பாடு. லைன் அணைந்திருக்கிறது என்று நம்பி ஒரு லைன்மேன் கம்பத்தில் ஏறியிருக்கும்போது உங்கள் மாடியிலிருந்து மின்சாரம் அந்தக் கம்பிக்குப் போனால் அவர் உயிர் போகும். ஆகவே கரண்ட் போனால் சோலார் நிற்பது சரியான காரியம். வைகாசியில் வரதராஜப் பெருமாள் தேர் வரும்போது தேர் போகும் தெருக்களில் மின்சாரத்தை நிறுத்துகிறார்களே, அதே நியாயம்தான்.

சரியில்லாதது, இதை யாரும் முன்கூட்டிச் சொல்லாதது. 2024 பிப்ரவரியில் மத்திய அரசு 'பி.எம். சூர்யா கர்' திட்டத்தைத் தொடங்கியது. ஒரு கோடி வீடுகள், 75,021 கோடி ரூபாய். முதல் 2 கிலோவாட்டுக்குக் கிலோவாட்டுக்கு 30,000, மூன்றாவதற்கு 18,000, ஆக அதிகபட்சம் 78,000 ரூபாய் மானியம். விளம்பரம் முழுக்க 'மாதம் 300 யூனிட் வரை இலவச மின்சாரம்' என்பதுதான். பேட்டரிக்கு அதில் ஒரு பைசா கிடையாது. கரண்ட் இல்லாதபோது இந்த மின்சாரமும் இல்லை என்று பெரிய எழுத்தில் யாரும் போடவில்லை. பலகைக்குக் காசு கொடுத்தார்கள், சேமிப்பைச் சந்தைக்கு விட்டார்கள். அந்த இடைவெளியில்தான் இப்போது பேட்டரி விற்கிறார்கள்.

விற்கிறவர்கள் போடும் கணக்கை நாமும் போட்டுப் பார்ப்போம். மூன்று கிலோவாட் பலகைகள் நம் வெயிலில் சராசரியாக நாளொன்றுக்கு 12 யூனிட் தரும், இரண்டு மாதத்துக்கு 700 யூனிட்டை ஒட்டி. பகலில் வீட்டுக்குத் தேவைப்படுவது கொஞ்சம், மிச்சம் லைனுக்குப் போகிறது. ராத்திரி அதை லைனிலிருந்து திரும்ப எடுக்கிறீர்கள். நெட் மீட்டர் வரவையும் செலவையும் கழித்துக் காட்டுகிறது. அதாவது வாரியம்தான் உங்கள் பேட்டரி. மதியம் போட்டதை ராத்திரி அப்படியே தருகிறது. தேய்மானம் இல்லை, வாடகையும் ஏறக்குறைய இல்லை.

இப்போது 5 யூனிட் கொள்ளளவுள்ள லித்தியம் பேட்டரியும் அதற்கேற்ற ஹைப்ரிட் இன்வெர்ட்டரும் சேர்த்து ஒன்றரை லட்சம் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். தினம் 4 யூனிட்டை அதில் போட்டு எடுக்கிறீர்கள். ஏற்றி இறக்குவதில் 10 முதல் 15 சதவீதம் வீணாகும். அதே 4 யூனிட்டை லைனுக்கு அனுப்பியிருந்தால் முழுதாகக் கணக்கில் வந்திருக்கும். ஆக நெட் மீட்டர் இருக்கும்வரை பேட்டரியால் உங்கள் பில் குறையாது, கொஞ்சம் கூடும். சரி, நாளைக்கே நெட் மீட்டரை எடுத்துவிட்டார்கள், நீங்கள் தரும் யூனிட்டைவிட வாங்கும் யூனிட் 3 ரூபாய் அதிகம் என்றே வைத்துப் பாருங்கள். நாளுக்கு 12 ரூபாய், வருடத்துக்கு 4,380 ரூபாய் மிச்சம். போட்ட ஒன்றரை லட்சத்தை எடுக்க 34 வருடம். பேட்டரியின் ஆயுளோ, தினம் ஒரு சுழற்சி என்று ஓட்டினால், நல்லதாக இருந்தால் 15 வருடம். பில் பூஜ்யமாகும் என்று சொல்லிப் பேட்டரி விற்பவர் உங்கள் பில்லைப் படித்ததே இல்லை என்று அர்த்தம்.

ஆகவே வீட்டுப் பேட்டரி வாங்கித் தருவது பணத்தை அல்ல, மின்தடையின்போது ஒரு நிம்மதியை. அதற்குக் காசு கொடுப்பதில் தப்பில்லை. வீட்டில் ஆக்சிஜன் கருவி வைத்திருக்கிற நோயாளி இருக்கலாம், இன்சுலின் வைக்க ஃபிரிட்ஜ் ஓடியாக வேண்டியிருக்கலாம். ஆனால் நிம்மதிக்கு எவ்வளவு வேண்டும் என்று அளந்து வாங்குங்கள். இரண்டு ஃபேன், நாலு எல்.இ.டி. விளக்கு, இணையப் பெட்டி எல்லாம் சேர்ந்து 200 வாட். ஐந்து மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். பராமரிப்பு நாளில் வெயிலும் இருக்கிறது, பலகையே ஓட்டிக்கொள்ளும். தாளத்தைப் பிடித்துக் கொடுக்க ஒரு சின்னப் பேட்டரி போதும். இரண்டரை யூனிட் கொள்ளளவே தாராளம். பத்து யூனிட் பேட்டரியை ஏ.சி.க்காகத் தலையில் கட்டுகிறவரிடம், வருடத்தில் எத்தனை மணி நேரம் கரண்ட் போகிறது என்று கேளுங்கள். பதில் இருக்காது.

சேர்க்கும் விதத்தையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் தப்பாகச் சேர்த்தால் ஆபத்து. இருக்கிற ஆன்கிரிட் இன்வெர்ட்டரைக் கழற்றிவிட்டு ஹைப்ரிட் வைப்பது ஒரு வழி. பலகைகள் வரிசையாக இணைக்கப்பட்டு வரும் மின்னழுத்தம் புது இன்வெர்ட்டரின் எல்லைக்குள் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இன்னொரு வழி, பழையதை அப்படியே விட்டுவிட்டு, தானே தாளம் போடக்கூடிய பேட்டரி இன்வெர்ட்டரைப் பக்கத்தில் சேர்ப்பது. லைன் போனதும் அது வீட்டை ஈ.பி.யிலிருந்து துண்டித்துவிட்டுத் தன் தாளத்தைக் கொடுக்கும், பழைய இன்வெர்ட்டர் அதை நம்பி ஓடும். பேட்டரி நிரம்பியதும் அலை வேகத்தைக் கொஞ்சம் உயர்த்தி, சோலாரை அடங்கச் சொல்லும். இரண்டு வழியிலும் வாரியத்துக்குத் தெரிவித்துத்தான் செய்ய வேண்டும். 2012இல் வாங்கிய வீட்டு இன்வெர்ட்டரின் வெளியே வரும் வயரோடு ஆன்கிரிட் சோலாரை முடிச்சுப் போடும் வித்தையை மட்டும் எந்த எலக்ட்ரீஷியன் சொன்னாலும் கேட்காதீர்கள். மின்சாரம் பின்னால் ஏறி அந்த இன்வெர்ட்டர் எரியும், கூடவே வேறென்ன எரியும் என்று சொல்ல முடியாது. பேட்டரியை மாடித் தகரக் கொட்டகையிலும் வைக்காதீர்கள். அக்னி நட்சத்திர வெக்கையில் அதன் ஆயுள் பாதியாகும்.

இது வரைக்கும் ஒரு வீட்டின் கணக்கு. இனி தெருவுக்கு வருவோம்.

நெட் மீட்டரில் நீங்கள் மதியம் ஒரு யூனிட் கொடுத்து ராத்திரி ஒரு யூனிட் வாங்குகிறீர்கள். ரெண்டும் ஒரே யூனிட்தானா? மின்சாரச் சந்தையில் மதிய யூனிட் இரண்டு, மூன்று ரூபாய்க்கு இறங்கிவிடுகிறது. மாலையில், சூரியன் போனதும் ஊரே விளக்கும் ஏ.சி.யும் போடும் நேரத்தில், கோடை நாட்களில் அதே யூனிட் உச்சவரம்பான 10 ரூபாயைத் தொடுகிறது. 2024 மே 2 அன்று தமிழ்நாட்டின் தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது. இப்படிப்பட்ட கோடையில்தான் நாம் மலிவு நேரத்தில் கொடுத்ததை வாரியம் கிராக்கி நேரத்தில் திருப்பித் தருகிறது. திரண்ட நஷ்டம் ஒன்றரை லட்சம் கோடியைத் தாண்டிய வாரியம் அது. இந்த வித்தியாசத்தை யார் கட்டுகிறார்கள்? சுற்றிச் சுற்றி எல்லாரும். மாடி இல்லாதவர்களும்.

"அப்போ பேட்டரி போடுறது நல்லதுதானே, மாலைப் பாரம் குறையுமே?" என்று கேட்பீர்கள். நல்லதுதான். இங்கே பேட்டரி விற்கிறவரும் நானும் ஒரே கட்சி. மதியத்து வெயிலை மாலைக்குக் கொண்டுபோக ஒரு பாத்திரம் வேண்டும். அந்தப் பாத்திரம் யாருடையது, எங்கே வைப்பது, யாருக்கு ஊற்றுவது என்பதில்தான் பிரிகிறோம்.

அரசின் இப்போதைய போக்கைப் பாருங்கள். 2023 செப்டம்பரில் மத்திய அமைச்சரவை பிரம்மாண்டப் பேட்டரி நிலையங்களுக்கு மூலதனச் செலவில் 40 சதவீதம் வரை உதவி தர ஒப்புக்கொண்டது. மொத்தம் 4,000 மெகாவாட்-மணி. அது வரவேற்க வேண்டியதே. 2022இல் பெரிய ஏலத்தில் ஒரு மெகாவாட்டுக்கு மாதம் 10.84 லட்சம் ரூபாய் என்றிருந்த பேட்டரி வாடகை, 2024 கடைசியில் இரண்டேகால் லட்சத்தை ஒட்டி வந்துவிட்டது. மறுபக்கம் வீட்டுக்காரனுக்குப் பேட்டரி மானியம் இல்லை. 2025 செப்டம்பரில் சோலார் பலகைக்கான ஜி.எஸ்.டி.யை 5 சதவீதமாக இறக்கினார்கள், பேட்டரிக்கு 18. ஒரு பக்கம் துணைமின் நிலையத்தில் கோடிகளில் பேட்டரி, இன்னொரு பக்கம் வீட்டு மாடிப்படிக்குக் கீழே லட்சத்தில் பேட்டரி. நடுவில் தெரு என்று ஒன்று இருக்கிறதே, டிரான்ஸ்ஃபார்மர் என்று ஒன்று முனையில் நிற்கிறதே, அதைப் பற்றி யாருக்கும் நினைவில்லை.

நம் மாவட்டத்துக்கு இது மறக்கக்கூடாத விஷயம். காஞ்சிபுரத்திலிருந்து தெற்கே போனால் உத்திரமேரூர். அங்கே வைகுண்டப் பெருமாள் கோவில் சுவரில் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள், 919ஆம் ஆண்டும் 921ஆம் ஆண்டும் வெட்டப்பட்டவை. குடவோலைக்காகப் பாடப்புத்தகத்தில் படித்திருப்போம். அந்தக் குடவோலையில் தேர்ந்தெடுத்த குழுக்களில் ஒன்றின் பெயர் ஏரி வாரியம். ஆறு பேர், பதவிக்காலம் 360 நாள். கணக்குக் காட்டாதவனுக்கும் அவன் உறவினர்களுக்கும் அடுத்த முறை இடமில்லை. வருடத்தில் இரண்டு மூன்று மாதம் கொட்டுகிற மழையைப் பிடித்து மிச்ச மாதங்களுக்குக் கொடுப்பது அவர்கள் பொறுப்பு. மதிய வெயிலைப் பிடித்து ராத்திரிக்குக் கொடுப்பதும் இதே பிரச்சினைதான். 1957 ஜூலை 1 அன்று தமிழ்நாட்டில் மின்சாரத்துக்கென்று ஓர் அமைப்பு உண்டாக்கியபோது அதையும் நாம் வாரியம் என்றே சொல்லப் பழகினோம். அப்புறம் அது கம்பெனிகளாகப் பிரிந்து பல பெயர் மாறிவிட்டது. சொல் மட்டும் ஊர் வாயில் நிற்கிறது.

உத்திரமேரூரைப் பொற்காலமாக்கிப் பேசுவது எனக்கு உடன்பாடில்லை. அது பிராமண நிலவுடைமையாளர்களின் சபை. வரி கட்டும் நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு கட்டிக் குடியிருக்க வேண்டும், வேதம் தெரிந்திருக்க வேண்டும். அதுவும் நமக்கு ஒரு பாடம்தான். ஆயிரத்து நூறு வருடம் கழித்து சூர்யா கர் திட்டத்தின் தகுதி என்ன தெரியுமா? சொந்த வீடு, பலகை போடத் தகுந்த சொந்தக் கூரை. வேதத்தை எடுத்துவிட்டோம், மனையை விடவில்லை. ஆனால் அந்தச் சபைக்கு இருந்த ஒரு புத்தி நமக்கு இல்லை. தண்ணீரைச் சேர்த்துவைப்பதைத் தனியார் காரியம் என்று அவர்கள் நினைக்கவில்லை.

ஏரிக்கு அப்புறம் என்ன ஆயிற்று என்பது தெரிந்த கதை. 1960களில் தமிழ்நாட்டின் பாசனப் பரப்பில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஏரிப் பாசனம். இன்று பாதிக்கு மேல் கிணறும் போரும். வசதி உள்ளவர் போர் போட்டார். போர் போட்டவருக்கு மடை திறந்தால் என்ன, திறக்காவிட்டால் என்ன? கரையைப் பார்க்க வரவில்லை, தூர் வாரப் பணம் தரவில்லை. ஏரி மேடேறியது. போர் போட முடியாதவர் நிலத்தை விற்றார் அல்லது பக்கத்துப் போரில் தண்ணீரை விலைக்கு வாங்கினார். பம்புக்கு இலவச மின்சாரம் வந்ததைத் தப்பென்று சொல்ல மாட்டேன், அது பல குடும்பங்களைக் காப்பாற்றியது. ஆனால் அரசுப் பணம் பம்புக்குப் போன அளவுக்கு ஏரிக்குப் போகவில்லை என்பதும் உண்மை.

மின்சாரத்தில் இந்த நாடகத்தின் ஒத்திகையை ஏற்கெனவே பார்த்துவிட்டோம். 2008இல் தொடங்கி 2014 வரை இழுத்த மின்வெட்டுக் காலம். 2012இல் சென்னைக்கு இரண்டு மணி நேரம், வெளியூர்களில் பல நாள் பத்து மணி நேரத்துக்கு மேல். அப்போது நடுத்தர வர்க்கம் செய்தது, ஆளுக்கொரு இன்வெர்ட்டரும் ஈயப் பேட்டரியும் வாங்கியது. வாங்கின அன்றோடு போராட்டம் முடிந்தது. ஈ.பி. ஆபீஸ் வாசலில் நின்று சத்தம் போடத் தெரிந்தவர்கள், மனு எழுதத் தெரிந்தவர்கள், பத்திரிகைக்காரர்களைத் தெரிந்தவர்கள் எல்லாரும் வீட்டுக்குள் ஃபேனுக்குக் கீழே போய்விட்டார்கள். வெளியே நின்றவர்களுக்குச் சத்தம் போடத் தெரிந்தது, கேட்க ஆள் இல்லை.

காஞ்சிபுரத்தில் வெளியே நிற்பவர்கள் யார் என்று தேட வேண்டியதில்லை. பிள்ளையார்பாளையத்துத் தெருக்களில் நடந்தால் போதும். குழித்தறி இருக்கிற வீடு நீளமாக, இருட்டாக இருக்கும். தறிக்கு மின்சாரம் வேண்டாம், உண்மை. தறிக்காரருக்கு வேண்டும். கோர்வைக் கரை போட்ட புடவையில் உடலும் கரையும் சேருகிற இடத்தில் இழை பிசகக் கூடாது, மூன்று நாடா ஓடுகிறது, கூட ஒரு ஆள் உட்கார்ந்து கை கொடுக்க வேண்டும். விளக்கு போனால் கை ஓடலாம், கண் ஓடாது. கூலி நாளுக்கு அல்ல, புடவைக்கு. பகல் முழுக்கக் கரண்ட் இல்லை என்றால் அந்த நாள் புடவையில் சேராது. அரசு கைத்தறி நெசவாளர்களுக்கு இரண்டு மாதத்துக்கு 300 யூனிட் இலவசமாகத் தருகிறது, 2023இல் 200இலிருந்து உயர்த்தினார்கள். நல்ல காரியம். ஆனால் கரண்ட் இல்லாத பகலில் 300 யூனிட் இலவசம் என்பது வெறும் கணக்கு.

அவர்களில் பலர் வாடகைக்கு இருப்பவர்கள். சொந்த வீடு என்றாலும் ஓட்டுக் கூரை, அண்ணன் தம்பி நாலு பேருக்குப் பொதுவான கூரை. சூர்யா கர் அவர்கள் பக்கம் வராது. பேட்டரிக்கு நாளை மானியம் கொடுத்தாலும், அதுவும் பலகை இருக்கிற மாடிக்குத்தான் போகும். முதல் மானியம் வாங்கியவருக்கே இரண்டாவது மானியம். இதைச் சமூக நீதி பேசும் ஊரில் யாரும் கேட்கவில்லை என்பதுதான் எனக்குக் கோபம்.

மாற்று என்ன? தெரு முனை டிரான்ஸ்ஃபார்மரோடு ஒரு பேட்டரி. கணக்கைப் பாருங்கள். ஒரு டிரான்ஸ்ஃபார்மரின் கீழ் 200 வீடு, அதில் 50 வீட்டில் சோலார் என்று வைத்துக்கொள்வோம். அந்த 50 பேரும் ஆளுக்கு ஒன்றரை லட்சம் போட்டு 5 யூனிட் பேட்டரி வாங்கினால் மொத்தம் 75 லட்சம் ரூபாய், 250 யூனிட் சேமிப்பு, பயன் 50 வீட்டுக்கு. அதே 250 யூனிட்டைத் தெரு முனையில் ஒன்றாக வைத்தால்? வீட்டுக்கு 200 வாட் என்று 200 வீட்டுக்கும் கொடுக்க 40 கிலோவாட். ஆறு மணி நேரம் தாங்கும். பிள்ளையார்பாளையத்துக் குழித்தறிக்கு மேலே விளக்கு எரியும். மின்தடை இல்லாத நாட்களில் அந்தப் பேட்டரி சும்மா கிடக்காது. மதியம் 50 மாடிகளிலிருந்து வருவதை வாங்கிக்கொள்ளும், மாலையில் வாரியம் 10 ரூபாய்க்கு வாங்க வேண்டியதைக் குறைக்கும். மதியம் எல்லா மாடியும் ஒரே நேரத்தில் தள்ளும்போது லைனில் மின்னழுத்தம் ஏறி இன்வெர்ட்டர்கள் அடிக்கடி அணைந்துபோகும் தொல்லையும் குறையும்.

இது கனவு அல்ல. டெல்லியில் ரோகிணி துணைமின் நிலையத்தில் 2019லேயே 10 மெகாவாட் பேட்டரி வைத்தார்கள். 2021இல் அதே நகரத்து ராணிபாக்கில் வட்டார அளவில் 150 கிலோவாட், 528 யூனிட் கொள்ளளவுள்ள ஒன்றைப் பொருத்தினார்கள். நான் கேட்கிற அளவு ஏறக்குறைய அதுதான். 2025இல் தெற்கு டெல்லி கிலோகரியில் 20 மெகாவாட், 40 மெகாவாட்-மணி நிலையம் ஓடத் தொடங்கியது. ஆஸ்திரேலியாவில் 400 சமூகப் பேட்டரிகளுக்கு அரசே பணம் ஒதுக்கியது.

தெருப் பேட்டரியால் முடியாததையும் சொல்ல வேண்டும். உயரழுத்த லைனில் வேலை நடக்கும்போது டிரான்ஸ்ஃபார்மரின் மேல்பக்கத்தைத் துண்டித்துவிட்டுத் தெருவைத் தனித் தீவாக ஓட்டலாம். அதற்குத் தானியங்கி சுவிட்ச் வேண்டும், லைன்மேன்களுக்குப் பயிற்சி வேண்டும், எந்தத் தெரு உயிரோடு இருக்கிறது என்ற அறிவிப்பு வேண்டும். தெருக் கம்பியே அறுந்து விழுந்தால் ஒன்றும் செய்ய முடியாது, எல்லாரும் இருட்டில்தான். ஆனால் எட்டு மணி நேரத் திட்டமிட்ட மின்தடைகளில் பெரும்பகுதி மேலே நடக்கும் வேலைகளுக்காக. அங்கே இது வேலை செய்யும்.

எதிர்வாதங்கள் மூன்று எனக்குத் தெரியும். முதலாவது, "கவர்மெண்ட் காரியம் தம்பி, ரெண்டு வருஷத்துல துருப்பிடிச்சிக் கெடக்கும்." லேசான வாதம் அல்ல. பீகாரின் தர்னை கிராமத்தில் 2014இல் கிரீன்பீஸ் அமைப்பு 100 கிலோவாட் சோலாரும் பேட்டரியும் வைத்தது. ஊருக்கு அரசு மின்சாரம் வந்தது, பேட்டரிகள் செத்தன, பராமரிக்க ஆளில்லை, அந்த இடம் மாட்டுத் தொழுவமானது. அங்கே தோற்றது பொது என்ற யோசனை அல்ல. அதற்கு ஒரு வாரியம் இல்லை. கணக்குக் காட்ட வேண்டிய ஆறு பேர் இல்லை. நம் பக்கத்திலேயே மேட்டுப்பாளையம் அருகில் ஓடந்துறை ஊராட்சி 2006இல் கடன் வாங்கி 350 கிலோவாட் காற்றாலை நிறுவியது, வாரியத்துக்கு மின்சாரம் விற்றுக் கடனை அடைத்தது. உள்ளாட்சியால் முடியாது என்பவர்கள் அங்கே ஒரு நடை போய் வரலாம்.

இரண்டாவது, "என் காசு, என் மாடி, நான் பேட்டரி வாங்குறேன், உனக்கென்ன?" வாங்குங்கள். மேலே அளவுகூடச் சொல்லியிருக்கிறேன். ஆனால் மாடியில் இருக்கும் சோலார் முழுக்க உங்கள் காசு அல்ல, 78,000 எல்லாருடைய காசு. மாலையில் வாங்குகிற மலிவு யூனிட்டும் எல்லாருடைய காசு.

மூன்றாவதுதான் யோசிக்க வேண்டியது. வீட்டுப் பேட்டரிகளையே ஒன்றாக இணைத்துப் பொதுவுக்குப் பயன்படுத்தலாமே? ஆகும். ஆஸ்திரேலியா 2025 ஜூலையில் வீட்டுப் பேட்டரிக்கு ஏறக்குறைய 30 சதவீதத் தள்ளுபடி தரத் தொடங்கியபோது, லைனோடு இணைந்த பேட்டரி அப்படிக் கூட்டாக இயங்கத் தகுதியுள்ளதாக இருக்க வேண்டும் என்று நிபந்தனை வைத்தது. இங்கேயும் மானியம் கொடுத்துத்தான் ஆக வேண்டும் என்றால் அந்த நிபந்தனையோடு கொடுக்கட்டும்: உன் பேட்டரி மாலையில் ஊருக்கும் கொஞ்சம் ஊற்றும் என்றால் காசு, இல்லையென்றால் இல்லை. சேமிப்பு இல்லாமல் கூரைகளை மட்டும் பெருக்கினால் என்ன ஆகும் என்பதை இலங்கை காட்டிவிட்டது. 2025 ஏப்ரல் புத்தாண்டு விடுமுறையில் தேவை சரிந்தபோது, பகலில் கூரை சோலாரை அணைத்துவையுங்கள் என்று இலங்கை மின்சார சபை மக்களைக் கேட்டுக்கொள்ள வேண்டி வந்தது. சித்திரை வெயிலை வேண்டாம் என்று சொல்ல வேண்டிய நிலை.

ஆகவே என் கோரிக்கை சுருக்கமானது. பெரிய பேட்டரி நிலையங்களுக்குத் தருகிற 40 சதவீத உதவியில் ஒரு பகுதியை டிரான்ஸ்ஃபார்மர் அளவிலான பேட்டரிகளுக்கு ஒதுக்குங்கள். முதல் சோதனையை, பலகைகள் நிறைந்த புதுக் குடியிருப்பில் அல்லாமல், தறிகள் நிறைந்த தெருவில் செய்யுங்கள். அதன் வரவு செலவைத் தெருவுக்குக் காட்டுங்கள், காட்டாதவரை மாற்றுங்கள்.

கேட்பதற்கு இடமும் இருக்கிறது. கட்டணம் உயர்த்தும்போது மின்சார ஒழுங்குமுறை ஆணையம் கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்துகிறது. 2022 முதல் நவம்பர் 1 உள்ளாட்சிகள் தினத்தன்று மாநகராட்சிகளில் பகுதி சபை கூடுகிறது, 2021இல் மாநகராட்சியான காஞ்சிபுரத்திலும்தான். இந்தக் கூட்டங்களில் சாக்கடையும் தெருவிளக்கும் பேசப்படுகின்றன, பேசப்பட வேண்டியவைதான். மாடியில் சோலார் போட்டவர்கள் அடுத்த முறை அங்கே போய், தங்களுக்குப் பேட்டரி மானியம் கேட்பதற்கு முன்னால், தங்கள் தெரு டிரான்ஸ்ஃபார்மருக்கு ஒரு பேட்டரி கேட்க வேண்டும். பத்து வீடு சேர்ந்து கையெழுத்துப் போட்டால் அது மனு. அதில் வாடகைக்கு இருக்கிற நெசவாளர் கையெழுத்தும் இருக்கட்டும்.